தொலைவிலிருந்து ஒலிக்கும் மணி

கண்ணுக்குப் புலப்படாத அலையொன்று சுவரையும் கடந்து சென்று ஒரு கருவியை இயக்குதல் இன்று வீட்டுக்கு வீடு காணும் காட்சியாகும். இவ்வித்தையின் வரலாற்றையும், மாணவர் அதனைத் தம் கையாற் செய்து விளையாடும் முறையையும், அவ்விளையாட்டின் எல்லையையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

1895ஆம் ஆண்டிற் கல்கத்தா நகர மண்டபத்திலே ஜகதீச சந்திர போஸ் என்னும் பௌதிகவியற் பேராசிரியர் மின்காந்த அலைகளைச் சுவரினூடே செலுத்தி, அப்பாலிருந்த மணியை ஒலிப்பித்தார். அவ்வலைகளாலேயே வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். 1898இல் நியூயோர்க்கிலே நிக்கலா தெஸ்லா கம்பித் தொடர்பின்றிச் சிறு படகொன்றை ஓட்டிக் காட்டினார். குறும்பும் விரைவிற் பின்தொடர்ந்தது. 1903இல் இலண்டனிலே மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தியைப் பிளெமிங் அவையினருக்கு விளக்கியவேளை, நெவில் மாஸ்கெலின் என்னும் மாயவித்தைக்காரர் அயலிலிருந்து தமது அலைகளைச் செலுத்தி, 'எலிகள்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அக்கருவியில் மீண்டும் மீண்டும் பதிவித்தார். பிறர் குறுக்கிட இயலாதென்ற பெருமை அக்குறும்பினாற் குலைந்தது.

இனிச் செய்முறை. தொலைவிலிருந்து இயக்கும் பழைய விளையாட்டுக் காரொன்று போதும். சில்லு உடைந்திருப்பினும் குற்றமில்லை. மோட்டாருக்குச் செல்லும் இரு கம்பிகளையும் கழற்றி, அதே மின்னழுத்தத்துக்குரிய 'பசர்' எனப்படும் சிறு ஒலிப்பானுடன் இணைத்தல் வேண்டும். முன்செலுத்தும் பொத்தானை அழுத்த மின் ஒரு திசையிற் பாயும்; பின்செலுத்தும் பொத்தானை அழுத்த எதிர்த்திசையிற் பாயும். ஒலிப்பானோ ஒரு திசைக்கே உரியது. ஆதலின் இடையே இருவாயியொன்றைத் தொடராக இணைப்பின் எதிர்மின் அதனைத் தாக்காது. ஏரியற் கம்பியை வெட்டலாகாது. தகரப் பெட்டி அலையைத் தடுக்கும். அட்டைப் பெட்டியே உகந்தது. 1990களின் பொருளாதாரத் தடையாற் பற்றரி அரிதாகிய வன்னியிலே, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டு வளர்ந்த நமக்கு இத்தகைய ஆக்கம் புதிதன்று.

ஆயினும் ஒன்று கூறாதுவிடின் இப்பாடம் நிறைவுறாது. முன்னர் நாம் கற்பித்த பாடசாலையொன்றில் மாணவர் இத்தகைய பெட்டியை ஆசிரியர் அறை அலுமாரியின் கீழ் ஒளித்து வைத்தனர். ஒலி எழுந்ததும் நாம் நகைத்தோம். வாயிலில் நின்ற தாயொருவரோ தம் பிள்ளையை அணைத்தபடி நிலத்தில் அமர்ந்துவிட்டார். அவரது நடுக்கம் தணிய நெடுநேரம் சென்றது. காரணத்தை எவரும் வினவவில்லை. மாணவரைக் கடிந்ததிலும் எம்மையே நாம் பெரிதுங் கடிந்துகொண்டோம்.

2009இற் போர் முடிந்தபின் கண்ணிவெடி அகற்றுவோர் நம் நிலத்தை அடியடியாகத் துழாவினர். இனந்தெரியாப் பொருளைத் தொடாதே எனப் பிள்ளைகளுக்குக் கற்பித்தோரும் நாமே. மறைத்து வைத்த பெட்டி வெறும் பகிடி எனப் பழகிய பிள்ளை, பகிடியல்லாத பொருளையும் எடுக்கத் துணியும். ஆதலின், பெட்டியின்மேற் செய்தவர் பெயரைத் தெளிவாக எழுதுக. வகுப்பறையில் நண்பர் நடுவே மாத்திரம் ஒலிப்பிக்குக. மண்ணிற் புதைத்தலும், வீதியிலோ பேருந்திலோ கோயிலிலோ வைத்தலும் ஆகா. பகிடிக்குள்ளானவரும் உடன் நகைத்தாலன்றி அது பகிடியாகாது.

போஸின் அலை மணியையும் ஒலிப்பித்தது, மருந்தையும் வெடிப்பித்தது. நம் மாணவர் மணியை ஒலிப்பிக்கவே பழகட்டும். பழைய மாணவர்கள் தம் இல்லங்களிற் பழுதாகிக் கிடக்கும் விளையாட்டுக் கார்களை வீசாது கல்லூரிக்கு அளிப்பராயின், அவை நல்ல பாட உபகரணங்களாகும்.