கம்பளத்தில் ஒரு தோட்டம்

தரம் 8இல் படிக்கும்போது சித்திரப் போட்டியொன்றுக்கு எங்கள் வீட்டு வளவை வரைந்து கொடுத்தேன். நடுவில் கிணறு வட்டமாக இருந்தது. அதைச் சுற்றித் தென்னையும் வாழையும் நிமிர்ந்து நின்றன. "கிணற்றை மேலேயிருந்து பார்த்திருக்கீங்க, மரத்தைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கீங்க. எங்கே நின்று வரைந்தீங்க, மகள்?" என்று நடுவர் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பரிசும் வரவில்லை.

பல வருடங்களுக்குப் பின் அந்தப் பதிலை ஒரு கம்பளத்தில் கண்டேன். 17ஆம் நூற்றாண்டில் ஈரானின் கிர்மானில் நெய்யப்பட்டதாகக் கருதப்படும் வாக்னர் தோட்டக் கம்பளம் அது. ஐந்து மீற்றருக்கு மேல் நீளம், நான்கு மீற்றருக்கு மேல் அகலம். இன்று கிளாஸ்கோ நகரின் பரல் கலைத் தொகுப்பில் இருக்கிறது. 2018இல் நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் இதை நடுநாயகமாக வைத்து, 'நிலைத்த வசந்தம்' எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு கண்காட்சி நடத்தியது. அதன் படங்களைத்தான் நான் பார்த்தேன்.

இரண்டு நீண்ட வாய்க்கால்களைக் குறுக்கு வாய்க்கால் ஒன்று இணைக்கிறது. அதன் மத்தியில் ஒரு தடாகம். இவையெல்லாம் வானத்துப் பறவை காண்பதுபோல மேலிருந்து காட்டப்பட்டுள்ளன. ஆனால் கரையிலுள்ள சைப்பிரஸ் மரங்கள், பூஞ்செடிகள், விலங்குகள் யாவும் பக்கவாட்டுத் தோற்றத்தில் உள்ளன. நீரில் மீன்களும் வாத்துகளும் நீந்துகின்றன.

இது தெரியாமல் செய்த பிழையல்ல. கிர்மான் வரண்ட பூமி. மலையடிவாரத்து நீரை நிலத்தடிச் சுரங்க வாய்க்கால்கள் வழியாகக் கொண்டுவந்தே அங்கு தோட்டம் அமைத்தார்கள். ஆகவே நீர் எவ்வழியாக ஓடுகிறது என்பதே தோட்டத்தின் உயிர். அதை மேலிருந்துதான் காட்ட முடியும். மரத்தை மேலிருந்து பார்த்தாலோ வெறும் பச்சைப் பொட்டு. சைப்பிரஸா, பழமரமா என்று யாருக்குத் தெரியும்? நெசவாளர் ஒவ்வொன்றையும் அது நன்றாக அடையாளம் தெரியும் பக்கத்திலிருந்து காட்டினார். சுவனத்துச் சோலைகளையும் அவற்றின் கீழோடும் ஆறுகளையும் ஓதிக் கேட்டு வளர்ந்த நமக்கு, நீருக்கு முதலிடம் கொடுத்த இந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது.

தரையில் விரிப்பதற்கென்றே நெய்த தோட்டம் இது. வெளியே பனி பெய்தாலும் வெயில் கொளுத்தினாலும் அதன்மேல் அமர்பவருக்குக் காலடியில் வாய்க்கால், சுற்றிலும் பூ. சுவரில் மாட்டும் படத்துக்குரிய கேள்வியை இதனிடம் கேட்பது எவ்வளவு பொருந்தும்?

போன விடுமுறையில் என் பழைய படத்தைத் தேடி எடுத்தேன். கிணற்றுக்குள் மீன் வரையாமல் விட்டதுதான் இப்போது குறையாகப் படுகிறது.