முதல் குமிழ் கொதியல்ல!

சென்ற மழைக்காலத்தில் ஒரு லயத்துக்குப் போயிருந்தோம். ஒரே காம்பராவில் இரண்டு பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். "கொதித்தாறிய தண்ணீர்தானே கொடுக்கிறீங்க?" என்று தாயிடம் கேட்டோம். "ஆமாங்க ஐயா, குமிழ் வந்த பிறகுதான் எறக்குறேன்" என்றார். அடுப்பருகே நின்று பார்த்தோம். சட்டியின் அடியில் பொடிக் குமிழ்கள் ஒட்டியதுமே இறக்கிவிட்டார். விறகோ ஈரம்; அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் கொதிக்கவே இல்லை.

அப்படியானால் அந்தக் குமிழ்கள் எங்கிருந்து வந்தன?

தண்ணீரில் எப்போதும் காற்று கரைந்திருக்கிறது. மீன்கள் உயிர் வாழ்வது அதிலுள்ள ஒட்சிசனால்தான். குளிர்ந்த தண்ணீர் அதிகக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும். சூடேற ஏற அந்தப் பிடி தளரும். மிஞ்சிய காற்று குமிழாக வெளிவரும். விடியற்காலையில் ஒரு கிளாஸ் பீலித் தண்ணீர் பிடித்து வீட்டுக்குள் வையுங்கள். மத்தியானம் பார்த்தால், அடுப்பில் வைக்காமலே கிளாஸின் உட்பக்கம் குமிழ் ஒட்டியிருக்கும்.

ஏன் ஓரத்தில் மட்டும் ஒட்டுகிறது? நடுத் தண்ணீரில் புதிதாகக் குமிழ் பிறப்பது கஷ்டம். தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் போன்றது. அது குமிழைச் சுற்றி நின்று அமுக்குகிறது. குமிழ் சிறுக்கச் சிறுக்க அமுக்கம் கூடும். ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அகலமுள்ள குமிழை, நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அமுக்கத்தைப் போல ஏறக்குறைய 3 மடங்கு அமுக்கம் மேலதிகமாக நசுக்குகிறது. அதனால் அதிலுள்ள காற்று மறுபடியும் தண்ணீரில் கரைந்துபோகும். ஆனால் பாத்திரத்தின் கீறலிலும் வெடிப்பிலும் ஏற்கெனவே கொஞ்சம் காற்று தங்கியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு குமிழ் வளரும். அங்கேயே ஒட்டி நிலைக்கும். சவர்க்காரம், எண்ணெய்ப் பசை போன்றவை குமிழின் மேல் படலமாகப் படிந்தாலும் அது சீக்கிரம் அழியாது.

குழாய்த் தண்ணீர் சில நேரம் பால் போல வெள்ளையாக வருவதும் இதனால்தான். குழாயின் அமுக்கத்தில் கரைந்திருந்த காற்று, வெளியே வந்ததும் பொடிக் குமிழாகிறது. கிளாஸில் பிடித்து வைத்தால் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளியும். அப்படித் தெளிந்தால் வெண்மைக்குக் காரணம் காற்று. மேலே தெளிந்து அடியில் படிந்தால் அது மண். எப்படித் தெளிந்தாலும் கிருமி கண்ணுக்குத் தெரியாது என்பதை மறக்க வேண்டாம்.

உண்மையான கொதி வேறு. அப்போது வருவது காற்றல்ல, நீராவி. பெரிய குமிழ்கள் அடியிலிருந்து இடைவிடாமல் எழும்பி, மேலே வந்து உடையும். தண்ணீர் முழுவதும் புரளும். கடல்மட்டத்தில் இது 100 பாகை செல்சியஸில் நடக்கும். 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதி வந்துவிடும். வயிற்றோட்டக் கிருமிகளைக் கொல்ல அந்தச் சூடும் போதும். ஆனால் பொடிக் குமிழ் கை பொறுக்கும் சூட்டிலேயே வந்துவிடும். அதில் கிருமி சாகாது.

ஆகவே, தண்ணீர் புரண்டு கொதித்த பிறகு ஒரு நிமிடமாவது அடுப்பில் விடுங்கள். உயரமான தோட்டங்களில் மூன்று நிமிடம் விடுவது நல்லது. சட்டியை மூடி வைத்தால் விறகும் மிச்சம். ஆறிய தண்ணீரையும் மூடியே வையுங்கள்; அதற்குள் கை விட வேண்டாம்.

அந்தத் தாயும் இப்போது தண்ணீர் புரளும் வரை காத்திருக்கிறார். நாமும் காத்திருப்போம்.