லேசர் மெஷின் வாங்கும் முன்

லேசர் மெஷின் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை வாட்?" அதை அப்புறம் கேளுங்கள். பட்டறைக்கு எந்தப் பொருளில் வேலை அதிகம் வருகிறது என்று முதலில் எழுதிப் பாருங்கள். பொருள் ஒளியை உறிஞ்சினால்தான் சூடேறி வெட்டுப்படும். உறிஞ்சுமா என்பதை அலைநீளம் தீர்மானிக்கிறது.

பெயர்ப்பலகை, அழைப்பிதழ், மரப் பரிசுப்பொருள் என்றால் சிஓ2 லேசர். 1964இல் பெல் ஆய்வகத்தில் குமார் படேல் உருவாக்கியது. அலைநீளம் சுமார் 10,600 நானோமீட்டர். அக்ரிலிக்கை இது வெட்டும்போது விளிம்பு உருகிப் பளபளவென்று வரும், தனியாகப் பாலிஷ் போட வேண்டாம். கண்ணாடி ட்யூப் கொண்ட மெஷினில் தண்ணீர் ஓட்டம் நின்றால் ட்யூப் விரிசல் விடும். அந்தத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் ஓடுவதைப் பார்த்த பிறகே லேசரைப் போடுங்கள். ட்யூப் தேய்ந்து போகும் பொருள். மாற்றும் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள்.

உலோகத்துக்கு ஃபைபர் லேசர், சுமார் 1,064 நானோமீட்டர். எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் பொறிக்க 20 வாட் தாராளம். தகடு வெட்டக் கிலோவாட் கணக்கில் வேண்டும், கூடவே வாயுவும். இரும்புத் தகட்டுக்கு ஆக்சிஜன் போதும். எவர்சில்வருக்கு நைட்ரஜன் கொடுங்கள், விளிம்பு கறுக்காது.

விலை குறைந்த நீல டையோடு லேசர் மெல்லிய மரத்துக்கும் தோலுக்கும் சரி. ஆனால் நிறமற்ற அக்ரிலிக்கில் அந்த ஒளி ஊடுருவிப் போய்விடும், வெட்டாது. விளம்பரத்தில் உள்ள வாட் மின்சாரத்துக்கா, வெளிவரும் ஒளிக்கா என்று கேட்டே வாங்குங்கள்.

பிவிசியையும் பிவிசி பூசிய ரெக்சினையும் எந்த லேசரிலும் வைக்காதீர்கள். ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலைப் புண்ணாக்கும், மெஷினையும் அரிக்கும். சந்தேகமா? காற்றோட்டமான இடத்தில் செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பொருளில் லேசாகத் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் அந்தப் பொருளை ஒதுக்கிவிடுங்கள். மற்றவற்றுக்கும் எக்ஸாஸ்ட் கட்டாயம்.

கண் பாதுகாப்புக் கண்ணாடி விஷயத்தில் சமரசமே கூடாது. சிஓ2 ஒளியை அக்ரிலிக் மூடி தடுக்கும். ஃபைபர் ஒளி சாதாரண அக்ரிலிக்கைத் தாண்டி விழித்திரை வரை போகும், கண்ணுக்கும் தெரியாது. உங்கள் மெஷினின் அலைநீளம் அச்சிட்ட கண்ணாடியையே வாங்குங்கள்.

கடைசியாக, விற்பவர் காட்டும் சாம்பிளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் பொருளைக் கையோடு கொண்டுபோய், கண்ணெதிரே வெட்டச் சொல்லி, ஆகும் நேரத்தைக் குறித்துக்கொண்ட பிறகு முன்பணம் கொடுங்கள்.