பொதிகைக்கு வழி எது?



அகத்தியர் பொதிகையில் அமர்ந்து தமிழ் வளர்த்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். "அந்த மலை எங்கே இருக்கிறது?" என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், "குற்றாலத்துப் பக்கம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் குடியிருக்கும் எங்களுக்கு அது வடகிழக்கே, நேர்கோட்டில் சுமார் 30 கி.மீ. தொலைவில் நிற்கிற மலை.

பொதிகை என்பது மலைத்தொகுதியின் பெயர். அதன் உயர்ந்த சிகரம் அகத்தியர்கூடம். உயரம் 1,868 மீட்டர். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. சிகரமும் கேரளத்தில்தான்.

ஓட்டு வீட்டுக் கூரையின் முகட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேற்குச் சரிவில் விழும் மழை நெய்யாறாகிப் பூவாறு அருகே அரபிக் கடலில் சேர்கிறது. நெய்யாற்றின்கரை தாண்டியதும் ரயில் பாலத்தின் கீழே ஓடுவது அதுதான். கிழக்குச் சரிவில் விழுவது தாமிரபரணியாகி மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் கிடைப்பதால்தான் தாமிரபரணி வற்றாத நதியாயிற்று. ஜான் ஆலன் பிரவுன் என்ற விஞ்ஞானி 1855-ல் இந்த மலையில் ஓர் ஆய்வுக்கூடமே அமைத்து, வானிலையையும் பூமியின் காந்தத்தையும் அளந்தார். கருவிகளை அங்கே சுமந்து ஏற்றியதை நினைத்தால் என் போன்ற பொறியாளனுக்கு இன்றும் மலைப்புத்தான்.

இனி வழி. பாபநாசம், காரையாறு வழியாக நம் முன்னோர் யாத்திரை போன பாதை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் இப்போது அனுமதி இல்லை. திறந்திருப்பது கேரள வழி: காட்டாக்கடை, ஆரியநாடு, விதுரா, போனக்காடு. அங்கிருந்து நடை. அதிருமலை முகாமில் இரவு தங்கி, மறுநாள் சிகரம். ஒரு வழிக்கே சுமார் 20 கி.மீ. ரயில் பாதையில் 100 அடிக்கு 1 அடி ஏற்றம் என்றாலே எஞ்சின் திணறும். நீலகிரி ரயிலில் 12 அடிக்கு 1 அடி. அதற்குப் பல்சக்கரம் வேண்டியிருக்கிறது. இங்கே கடைசிப் பாறைகளில் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும்.

ஆண்டுதோறும் ஜனவரியை ஒட்டிச் சில வாரங்கள் மட்டுமே கேரள வனத்துறை அனுமதிக்கிறது. முன்பதிவு கட்டாயம், மருத்துவச் சான்றிதழும் கேட்கிறார்கள். காணி மக்கள் இந்தக் காட்டின் பூர்வகுடிகள். வழிகாட்டியாக வரும் காணிக்காரர் சொல்வதைத் தட்டாதீர்கள். பெண்கள் சிகரம் ஏற நீண்ட காலம் தடை இருந்தது. உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2019 ஜனவரியில் தன்யா சனல் ஏறினார். தடை போனது நியாயமே; ஔவையின் மொழிக்காரர்களுக்கு இதில் என்ன ஆட்சேபம்?

14 வயதுக்குக் குறைந்தவர்களை அனுமதிப்பதில்லை. விடுமுறையில் ஊருக்கு வரும்போது பிள்ளைகளை நெய்யாறு அணைக்கு அழைத்துப் போங்கள். மேகம் இல்லாத காலையில் நீர்த்தேக்கத்துக்குப் பின்னால் அகத்தியர்கூடம் தெரியும்.