கொடுத்த பணமும் கோர்ட்டுப் பதிவும்

கரிசற் பூமியில் கடன் தீர்க்கும் காலமென்பது பருத்தி விலைபோகும் காலமே. ஐப்பசி மழையை நம்பி விதைத்தவர், பஞ்செடுத்து விற்ற பணத்தை மடியில் முடிந்துகொண்டு நேரே கடன் கொடுத்தவர் வீட்டுக்குச் செல்வார். கோவிற்பட்டியை அடுத்த சிற்றூரொன்றில் நாம் ஆசிரியப் பணி புரிந்த நாளில், நம் மாணவி ஒருத்தியின் தந்தையாரும் அவ்வாறே சென்றார். புரோநோட்டு வழக்கொன்றில் இருதரப்பாரும் ராஜியாகி, தவணை முறையில் செலுத்துவதென நீதிமன்றத்தில் டிக்ரி ஆகியிருந்தது. இரண்டு தவணைகளை அவர் கையிற் கொடுத்தார். கணக்கு நோட்டில் வரவு எழுதியதைக் கண்ணாற் கண்டார். சீட்டு ஏதும் கேட்டு வாங்கவில்லை. பின்னர்க் கடன் கொடுத்தவர் காலமாக, அவருடைய மக்கள் முழுத் தொகைக்கும் நிறைவேற்று மனுத் தாக்கல் செய்தனர்.

"குடுத்துட்டேனே டீச்சர்" என்று பள்ளித் திண்ணையில் அமர்ந்து அவர் சொன்னதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. உழவனின் பிழைப்புக்கு வேண்டிய ஏர் மாட்டையும் விதைத் தானியத்தையும் ஜப்தி செய்யச் சட்டம் இடந்தராது. ஆயினும் அவர் ஊர்வாய்க்கு அஞ்சி, மாடுகளைத் தாமே விற்று இரண்டாம் முறை கட்டினார்.

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 21ஆம் கட்டளை, 2ஆம் விதி கூறுவது இதுதான்: டிக்ரிக்குப் பின் வெளியே கொடுத்த பணம் நீதிமன்றத்தில் பதிவாகாவிடில், நிறைவேற்றும் நீதிமன்றம் அதனைக் கணக்கில் கொள்ளாது. பெற்றவர் தாமே அறிவிக்கக் கடமைப்பட்டவர். அவர் அறிவியாவிடில், கொடுத்தவர் 30 நாளுக்குள் மனுச் செய்தல் வேண்டும். அந்நாள் கடந்தால் தாமதத்தை மன்னிக்கக் கோரவும் வழியில்லை. மனுவோடு எழுத்துச் சான்று வேண்டும். இன்றேல் பெற்றவர் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். ஆதலின் வங்கி வழியே செலுத்துவது நன்று.

நீதிமன்றத்திலேயே பணத்தைக் கட்டுவோர் மற்றொன்றையும் மறவாதிருத்தல் வேண்டும். கட்டிய செய்தியை எதிர்த்தரப்பாருக்கு நோட்டீஸ் மூலம் தெரிவித்தல் அவசியம். அந்நோட்டீஸ் சார்வு செய்யப்பட்ட நாளில்தான் வட்டி நிற்கும். கட்டிய நாளில் அன்று. நோட்டீஸை நீதிமன்றத்தின் வழியாகவோ, ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபாலிலோ அனுப்பலாமென்பது விதி. 1.9.2025 முதல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டமையால், நீதிமன்றத்தின் வழியே அனுப்புவதே ஐயத்துக்கு இடமற்றது.

கடன் கொடுத்தவருக்கும் விதியுண்டு. பண டிக்ரியை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் உண்டெனினும், 2 ஆண்டு கடந்து மனுச் செய்தால், முதலில் எதிரிக்கு நோட்டீஸ் சென்றாக வேண்டும். கடனாளி இறந்து வாரிசுகள்மேல் மனுச் செய்தாலும் அவ்வாறே. மக்கள் நீதிமன்றத்தில் ஆகும் சமரசத்தையும் 1987ஆம் ஆண்டுச் சட்டம் டிக்ரியாகவே கருதுகிறது. அதன்மேல் அப்பீல் இல்லை.

உறவுக்குள் இத்தனை எழுத்து எதற்கென்பார் நம் வாசகருள் உளர். மேற்சொன்ன இருவரும் உறவினரே. கடைசித் தவணை தீர்ந்ததும், முழுப் பணமும் செலுத்தப்பட்டதென நீதிமன்றம் பதிந்த உத்தரவின் சான்றிட்ட நகலைக் கேட்டுப் பெற்று, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்க.