பழைய ரைஃபிளை என்ன செய்வது?

அன்புள்ள கதிருக்கு,

உன் பண்ணை முதலாளி தந்த பழைய ரெமிங்டன் 700 இப்போது உன் பெயருக்கு முறைப்படி மாறிவிட்டது என்று எழுதியிருந்தாய். அதை அப்படியே வைத்துக்கொள்வதா, செலவழித்துச் சீர்ப்படுத்துவதா, விற்றுவிட்டுப் புதிது வாங்குவதா என்று கேட்கிறாய். கூடவே நான்கு புது மாடல்களின் படங்களையும் அனுப்பியிருக்கிறாய். படங்களை மூடி வைத்துவிட்டு இதைப் படி.

முதலில் உன் வயலைப் பார்ப்போம். கலிபோர்னியாவின் வடகோடியில் குதிரைமசால் வயல்களுக்கு நடுவே இருக்கிறாய். அங்கே பெல்டிங் தரை அணில் தழையைத் தின்பதோடு நிற்பதில்லை. வளை தோண்டி அது வெளியே தள்ளும் மண்மேடு அறுவடை இயந்திரத்தின் கத்தியையும் கெடுக்கிறது. வசந்தத்தில் உறக்கம் கலைந்து வெளியே வரும் அணில்கள் கோடையிலேயே மறுபடி வளைக்குள் அடங்கிவிடும். அந்தச் சில மாதங்களுக்குள்தான் உனக்கு வேலை. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தோட்டாக்கள் தீரும். தூரம் பெரும்பாலும் 200 கெஜத்துக்குள்.

அந்த அணில் நிமிர்ந்து உட்கார்ந்தாலும் உடலின் அகலம் இரண்டு, மூன்று அங்குலம்தான். சுட்டால் அந்த நொடியிலேயே அதன் உயிர் போகவேண்டும். காயத்தோடு வளைக்குள் ஊர்ந்துபோய்ச் சாகும் ஒவ்வொரு அணிலுக்கும் சுட்டவனே பொறுப்பு. பயிரைக் காப்பாற்ற உனக்கு உரிமை உண்டு, வதைக்க உரிமை இல்லை. ஆகவே துப்பாக்கியின் வயதும் அழகும் இருக்கட்டும். நீ சுடும் தூரத்தில் அந்த மூன்று அங்குலத்துக்குள் தவறாமல் குண்டு விழுகிறதா என்பதே கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க 100 கெஜத்தில் தாள் கட்டு. ஐந்து குண்டு சுட்டபின் குழலை முழுவதும் ஆறவிட்டு, மறுபடி ஐந்து. இப்படி நான்கு தாள். மூன்று குண்டு ஒட்டி விழுந்ததைப் படமெடுத்துப் பெருமைப்படுவோர் உண்டு. அந்த மூன்று எதையும் நிரூபிப்பதில்லை. நான்கு தாளிலும் ஐந்து குண்டுகள் ஓர் அங்குலத்துக்குள் அடங்கினால், 200 கெஜத்தில் இரண்டு அங்குலம். உன் வயலுக்கு அது போதும். அரை அங்குலத்துக்காகப் பணத்தைக் கொட்டாதே.

எந்தக் குண்டை வைத்துச் சோதிப்பது என்பதில்தான் உன் வழக்கு சிக்கலாகிறது. 2019 ஜூலை 1 முதல் கலிபோர்னியா முழுவதும் எந்தக் காட்டுயிரையும் ஈயமில்லாத குண்டால்தான் சுடலாம். சரியான சட்டம் என்பது என் உறுதியான எண்ணம். நீ வயலில் விட்டுவரும் அணில்களைப் பருந்தும் கழுகும் தின்னும். உடைந்து சிதறிய ஈயத் துணுக்குகள் அவற்றின் ரத்தத்தில் நஞ்சாகக் கலக்கும். கலிபோர்னியாக் காண்டோர் என்ற பெருங்கழுகு அழிவின் விளிம்புக்குப் போனதில் ஈயத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

ஈயம் போனால் குழலின் கணக்கும் மாறும். உன்னுடையது .22-250 ரகம், ரெமிங்டன் அதை 1965-ல் கடைத் தோட்டாவாகக் கொண்டுவந்தது. அக்காலக் குழல்களின் உட்புறச் சுருள்வரி 14 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும். 55 கிரெய்ன் ஈயக் குண்டுக்கு அது பொருத்தம். ஆனால் ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.34 கிராம், செம்போ 8.96 கிராம்தான். ஒரே எடையில் செம்புக் குண்டு நீளமாகிவிடும். நீளமான குண்டு நேராகப் பறக்க இன்னும் வேகமாகச் சுழலவேண்டும். 55 கிரெய்ன் செம்புக் குண்டை உன் குழலில் சுட்டால் தள்ளாடிப் போக வாய்ப்பு அதிகம். தாளில் துளை வட்டமாக இல்லாமல் நீண்டு கிழிந்திருந்தால் குண்டு தள்ளாடியது என்று அறி.

இதைக் கேட்டதும் பழைய குழல் இனிப் பயன்படாது என்று முடிவுகட்டிவிடாதே. பார்னஸ் 36 கிரெய்னிலும் ஹார்னடி 35 கிரெய்னிலும் ஈயமில்லாத குண்டுகள் செய்கின்றன. அவை குட்டையானவை, மெதுவான சுருளுக்கும் ஒத்துப்போகும். தட்டையான வயலில் அவை தெறித்தோடாமல் பொடியாக உடைவது பாதுகாப்புக்கும் நல்லது. சோதனையை அவற்றில் செய். அதற்குமுன் குழலில் படிந்திருக்கும் பழைய செம்புக் கறையைக் கரைப்பானால் முழுக்கத் துடைத்தெடு.

துல்லியம் வரவில்லையா? உடனே குழலைப் பழிக்காதே. கட்டையோடு இயங்குபகுதியை இறுக்கும் திருகுகள், ஸ்கோப்பைப் பிடிக்கும் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா பார். குழலுக்கும் கட்டைக்கும் இடையே ஒரு தாளை நுழைத்து இழு; எங்காவது சிக்கினால் ஈரத்தில் மரம் உப்பிக் குழலைத் தொடுகிறது. குழலின் வாய்விளிம்பில் சிறு நசுங்கல் இருந்தாலும் குண்டு விலகும். இவையெல்லாம் சிறிய செலவில் தீர்பவை.

பிறகு குழலின் உள்ளே பார். கைப்பேசியில் பொருத்தும் சிறு கேமரா இப்போது மலிவு. தோட்டா அமரும் அறைக்குச் சற்று முன்னால்தான் தேய்மானம் தொடங்கும். வற்றிய கண்மாயின் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதுபோல் அங்கே இரும்பு வெடித்திருந்தால், அதை உண்டாக்கியது வெப்பம். .22-250 தோட்டாவில் மருந்து அதிகம், வேகமும் அதிகம். குழல் தொட முடியாதபடி சுடும்போதும் சுட்டுக்கொண்டே இருந்தால் சில ஆயிரம் தோட்டாக்களில் அது முடிந்துவிடும். ஆனால் வெடிப்பைக் கண்ணால் கண்டதாலேயே மாற்றிவிடாதே, தாள் என்ன சொல்கிறது என்று பார். வெடிப்போடு நன்றாகச் சுடும் குழல்கள் நிறைய உண்டு.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதே: விசை. அந்தப் பழைய 700 விசை, கை படாமலே வெடித்ததாக அமெரிக்காவில் பல வழக்குகள் நடந்தன. நிறுவனம் மறுத்தாலும், கடைசியில் சமரசமாக விசை மாற்றித்தர ஒப்புக்கொண்டது. உன் முதலாளி மாற்றினாரா என்று கேள். இல்லையென்றால், ஒரு தோட்டாகூட ஏற்றுமுன் தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து நம்பகமான விசையைப் பொருத்திக்கொள்.

விற்றுப் புதிது வாங்குவதற்கு வருவோம். தாளில் குழல் தோற்கும்வரை அந்தப் பேச்சை எடுக்காதே. புதுத் துப்பாக்கிக்கு 2024 ஜூலை முதல் அந்த மாநிலத்தில் 11 சதவீதக் கூடுதல் வரி வேறு. குழல் தோற்ற பிறகு இரண்டு வழி உண்டு. தூரமாகவும் காற்றிலும் சுடுவது உன் தேவையானால், இதே இயங்குபகுதியில் 8 அல்லது 9 அங்குலச் சுருள் கொண்ட புதுக் குழல் போடு. நீண்ட செம்புக் குண்டும் பறக்கும். ஆனால் இப்போதுபோல் 200 கெஜத்துக்குள்ளேயே உன் வேலை முடிந்தால் .223 வாங்கு. மருந்து குறைவு, உதைப்பு குறைவு, குழல் நீண்டநாள் உழைக்கும், குண்டு விழுவதை ஸ்கோப்பிலேயே காணலாம். உன் பழைய ரைஃபிளுக்கு .223 குழலை மட்டும் போட்டுவிட முடியாது. அந்தத் தோட்டாவின் அடிப்பாகம் சிறியது, பூட்டையும் மாற்றவேண்டும். அப்படிச் செலவழிப்பதைவிட முழு ரைஃபிளாக வாங்குவதே மேல்.

நான்கு தாள்களையும் குழலின் உட்படத்தையும் எனக்கு அனுப்பு. குழல் மாற்றத்தான் வேண்டும் என்றால், அணில்கள் வளைக்குள் போன கையோடு பட்டறையில் கொடுத்துவிடு. அடுத்த வசந்தத்துக்குள் கைக்கு வந்து, புதுக் குழலைத் தாளில் சோதிக்கவும் உனக்கு நாள் இருக்கும்.

அன்புடன்,
மாமா