பெருநாளைக்கு முன் ஒரு துணிப் பாடம்

நோன்புப் பெருநாள் நெருங்கினால் காத்தான்குடிக் கடைத்தெருவில் நடக்க இடமிருக்காது. புதுச் சட்டைகள் வீட்டுக்கு வந்ததும் அலுமாரியில் இடம் தேவைப்படும். பழையவற்றை உரப்பையில் திணித்து, "யாருக்காவது கொடுத்து விடுங்கள்" என்கிறோம். பக்கத்தில் நின்று பார்க்கும் நான்கு வயதுப் பிள்ளை, கொடுப்பதென்றால் வேண்டாததை வீட்டைவிட்டு அகற்றுவது என்று படித்துக் கொள்கிறது.

பெறுகிற பக்கத்தில் நிற்பது எப்படியென்று நமது கரைக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து போன பின் நாம் அங்கேதான் நின்றோம். அதே அழிவுக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையோரத்துக்கு லொறி லொறியாகப் பழந்துணி போனது. அந்த வெக்கைக்கு உதவாத கம்பளி உடுப்புகளும் கிழிசல்களும் எடுப்பாரின்றி வீதியோரத்தில் குவிந்து கிடந்தன. எல்லாம் இழந்தவர்களும் அவற்றைத் தொடவில்லை. 1999இல் அன்ஷு குப்தா டில்லியில் தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு அப்படி ஒதுக்கப்பட்ட துணிகளைச் சேகரித்துத் தரம் பிரித்தது. உடுக்கக் கூடியதை உடுக்கக் கொடுப்பதும், முடியாததை விரிப்பாக, பாடசாலைப் பையாக, பெண்களுக்கான அணையாடையாகத் தைப்பதும் அதன் வேலை. 2015இல் குப்தாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. நமக்கு வேண்டியது அந்தத் தரம் பிரித்தல். அதைச் சிறு பிள்ளையாலும் செய்ய முடியும்.

வாப்பாவின் பழைய பருத்திச் சாரத்தையும் உம்மாவின் பழைய ஹபாயாவையும் பாயில் விரியுங்கள். இரண்டிலும் ஒவ்வொரு துளி தண்ணீர் விடச் சொல்லுங்கள். சாரம் உடனே குடித்துவிடும். ஹபாயா பெரும்பாலும் பொலியெஸ்டர். துளி சற்று நேரம் முத்துப்போல் நிற்கும். "மேசை துடைக்க எது நல்லது?" என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்; நம்மில் பலருக்கு அந்தப் பொறுமை இல்லை.

பருத்தி கழுவக் கழுவ மிருதுவாகும். அதனால்தான் உம்மம்மாமார் பிறந்த பிள்ளையைக் கிடத்தப் பழஞ்சாரம் தேடினார்கள். பொலியெஸ்டர் எளிதில் கிழியாது, விரைவாகக் காயும். சந்தைப் பைக்கு அது நல்லது. ஆனால் அது பெற்றோலியத்திலிருந்து வரும் பிளாஸ்டிக். முற்றத்தில் எரித்தால் உருகிக் கெட்ட புகை விடும்; வாவிக்கரையில் எறிந்தால் உக்காமல் கிடக்கும். ஒரு பருத்தி ரீசேட்டுக்குச் சுமார் 2,700 லீற்றர் தண்ணீர் செலவாகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம். நான்கு வயதுக்கு அந்த ஒரு துளி போதும்.

அடுத்து, கொடுக்கும் சட்டைகள். ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டி, "உன் அளவாக இருந்தால் இதை நாளைக்கு உடுத்துவாயா?" என்று பிள்ளையிடமே கேளுங்கள். "மாட்டேன்" என்றால் ஏன் என்றும் கேளுங்கள். கறை, கிழிந்த கமக்கட்டு, அறுந்த சிப் என்று பெரியவர் கண்ணுக்குத் தப்பியதை அது காட்டும். தைக்க முடிந்ததைத் தைத்து, கழுவி, மடித்த பிறகே கொடுங்கள். பிள்ளை தன் சட்டை ஒன்றைக் கட்டிப்பிடித்து அழுதால் பறிக்காதீர்கள். அதன் உடுப்பைக் கேட்காமல் கொடுப்பது நமது தர்மமாகாது.

பொத்தான் அறுந்திருந்தால், பழைய பொத்தான்களைத் தட்டில் கொட்டி, சரியானதைத் தேடி எடுக்கும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். ஊசி உங்கள் கையில் இருக்கட்டும்.